கார் ஆலை: எங்கே கட்டுவது, எத்தனை கார்களுக்குக் கட்டுவது?

இளவேனில்:
தொழிற்பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். புதிய மாடல் ஒன்று மூன்று நாடுகளில் விற்பனைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே இடத்தில் பெரிய ஆலை கட்டி ஏற்றுமதி செய்யலாமா, இல்லை நாட்டுக்கு ஒன்றாகச் சின்ன ஆலைகள் போடலாமா? வகுப்பில் எல்லோரும் "கூலி குறைவான இடம்" என்று முடித்துவிட்டார்கள். எனக்கு அது போதவில்லை. தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

பழைய பிளானர்:
முதலில் எத்தனை என்று கேளுங்கள் தம்பி. எங்கே என்பது அப்புறம்.

கார் சீட் செய்யும் வெண்டர் கம்பெனியில் பிளானிங் பார்த்தவன் நான். நிமிடத்துக்கு ஒரு கார் இறங்கும் லைன், இரண்டு ஷிஃப்டுக்கு 16 மணி நேரம், வருடத்துக்கு 250 நாள்: 2,40,000 கார். தகட்டை அழுத்தி பாடி பாகங்கள் செய்யும் பிரஸ் ஷாப்பிலும் பெயிண்ட் ஷாப்பிலும் போடும் பணம் இந்த எண்ணை நம்பித்தான். பாதி கார்தான் விற்கிறது என்றால் செலவு பாதியாகிவிடாது. பெயிண்ட் காய வைக்கும் ஓவனைப் பாதி மட்டும் சூடாக்க முடியுமா?

டாடா நானோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2008 அக்டோபரில் மேற்கு வங்கத்தின் சிங்கூரை விட்டு குஜராத்தின் சானந்துக்குப் போனது. நாடே இடத்தைப் பற்றித்தான் பேசியது. சானந்தில் ஆலை போட்டது வருடத்துக்கு 2.5 லட்சம் கார்களுக்கு. எந்த வருடமும் அதில் மூன்றில் ஒரு பங்குகூட நானோ விற்கவில்லை. பிற்பாடு அதே ஆலையில் டியாகோ, டிகோர் என்ற வேறு டாடா கார்களைச் செய்தார்கள். இடத்தில் குறையே இல்லை.

இந்த எண் தப்பினால் அடி வெண்டருக்கும் விழும். ஒரு கார் கம்பெனி கொடுத்த கணக்கை நம்பி மெஷின் வாங்கினோம், ஆள் எடுத்தோம். ஆர்டர் பாதிதான் வந்தது. முதலில் வேலை போனது கான்ட்ராக்ட் பையன்களுக்கு. இன்னும் எனக்கு ஆறவில்லை.

டை ரூம்:
எண்ணிக்கை முக்கியம்தான் சார், ஆனால் அந்த எண்ணையே இடம்தானே தீர்மானிக்கிறது? ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு 2016இலும் டொயோட்டாவும் ஹோல்டனும் 2017இலும் கார் தயாரிப்பை நிறுத்தின. உள்ளூர்ச் சந்தை சின்னது, அதையும் பல கம்பெனிகள் பங்கு போட்டன. இறக்குமதி வரி குறையக் குறைய வெளிநாட்டுக் கார்கள் உள்ளே வந்தன. ஏற்றுமதிக்கு வழி இல்லாத இடத்தில் எண்ணிக்கை எப்படி ஏறும்? பிஎம்டபிள்யூவின் ஸ்பார்ட்டன்பர்க் ஆலை அமெரிக்காவில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே செய்யும் எஸ்யூவிகள் உலகம் முழுக்கப் போகின்றன. கூலியை மட்டும் பார்த்து யாரும் அங்கே போகவில்லை.

இளவேனில்:
அப்படியென்றால் சந்தை சின்னதாக இருக்கும் நாட்டில் ஆலையே கூடாதா?

பழைய பிளானர்:
டை ரூம் சொல்வது சரி, வரியையும் துறைமுகத்தையும் நான் விட்டுவிட்டேன். சின்னச் சந்தையில் சிகேடியில் ஆரம்பிக்கலாம்: பாகங்களைப் பெட்டியில் கொண்டுவந்து அங்கே பூட்டுவது. பிரஸ் ஷாப் வேண்டாம். விற்பனை ஏறினால் கட்ட, பக்கத்தில் நிலம் மட்டும் விட்டு வையுங்கள்.

இன்னொன்று, எஞ்சினைக் கப்பலில் கொண்டுவரலாம். சீட்டை அப்படிக் கொண்டுவந்தால் காற்றுக்கு வாடகை கொடுத்த மாதிரி. அதோடு, லைனில் எந்த கார் எந்த வரிசையில் வருகிறதோ அதே வரிசையில் சீட் போய்ச் சேர வேண்டும். அதனால் சீட்காரன் பக்கத்திலேயே இருக்க வேண்டும், அவனுக்கும் கட்டுப்படியாகும் எண்ணிக்கை வேண்டும்.

உங்கள் ரிப்போர்ட்டில் விற்பனைத் துறை ஆசைப்படும் எண்ணுக்குப் பக்கத்தில், எத்தனை காருக்குக் கீழே போனால் ஆலை நஷ்டம் என்ற எண்ணையும் போடுங்கள். நாட்டுக்கு நாடு தனித்தனியாக.