மினுங்கும் ஐசிங்குக்கு ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பவர்:

குழுவினருக்கு வணக்கம். அடுமனைப் பயிற்சிப் பாடம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அனுப்பியாக வேண்டும். குக்கியின் மேல் இடும் ஐசிங் அதில் இரண்டு வகையாக வருகிறது. ஒன்று முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்து அடிப்பது; காய்ந்தால் கெட்டியாகிப் பெரும்பாலும் மங்கிவிடும். மற்றது 1 கப் ஐசிங் சர்க்கரைக்கு 2 தேக்கரண்டி பாலும் 2 தேக்கரண்டி குளுக்கோஸ் பாகும் விட்டுக் குழைப்பது. காய்ந்த பிறகும் மினுங்கும். முதலாவதை 'வெள்ளைக்கரு ஐசிங்' என்று எழுதிவிட்டேன். இரண்டாவதுதான் இடிக்கிறது. 'பளபளப்பான சர்க்கரை ஐசிங்' என்று ஒரே பக்கத்தில் ஒன்பது தடவை எழுதினால் யார் படிப்பார்கள்? கூடவே, ஓரத்தில் கெட்டியாகக் கோடு இழுப்பதற்கும், இளக்கமானதை உள்ளே ஓடவிட்டு நிரப்புவதற்கும் வினைச்சொற்கள் தேவை.

தமிழாசிரியர்:

தம்பி, சொல் நம்மிடமே இருக்கிறது: மெழுக்கம். பட்டினப்பாலையில் 'மலரணி மெழுக்கம்' வருகிறதே! மெழுகிய இடம், அதன்மேல் பூ. நீங்கள் கேட்பதும் அதுதானே? ஒழுகு என்பது ஒழுக்கம் ஆனதுபோல மெழுகு என்பது மெழுக்கம். இனிப்பும் தெரிய வேண்டுமானால் இனிமையோடு புணர்த்தி, ஈறு போக்கி, 'இன்மெழுக்கம்' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மெழுகு, மழமழப்பு, மொழுமொழுப்பு, வழவழப்பு, வழுக்கு எல்லாம் ஒரு குடும்பம் என்பது என் நெடுநாள் எண்ணம். மகரமும் வகரமும் மாறுவது தமிழில் புதிதல்ல. கை வைத்தால் நழுவும் பரப்பு என்பதே அடிப்படைப் பொருள். கொழுப்பைக் குறிக்கும் 'வழும்பு' என்ற சொல்லையும் இங்கே கொண்டுவரலாம். அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

அடுமனைப் பயிற்சியாளர்:

ஐயா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் இன்று காலை வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். ஒரு பெண் குறிப்பேட்டில் 'மெழுகு' என்றே எழுதிக்கொண்டு, "டீச்சர், இதைச் சாப்பிடலாமா?" என்று கேட்டாள். அவள்மேல் தப்பில்லை. மெழுகு என்றதும் மெழுகுவத்திதான் கண்ணுக்கு வருகிறது.

எனக்குத் தோன்றியது 'பளிங்குப் பூச்சு'. பளிங்குத் தரை எப்படி மின்னும் என்று எல்லோருக்கும் தெரியும்.

வேதியியல் படித்த ஒருவர்:

அம்மா, பளிங்கு வேண்டாம். பளிங்கு என்றால் படிகமும்தான். இந்த ஐசிங் மினுங்குவதே சர்க்கரை பெரும்படிகமாகத் திரளாததால். குளுக்கோஸ் பாகு இடையில் நின்று சர்க்கரையைப் படிகமாகச் சேரவிடாமல் தடுக்கிறது. பரப்பு சமமாக இருப்பதால் ஒளி சிதறாமல் திரும்புகிறது. மெதுவாகக் காய்ந்த வெள்ளைக்கரு ஐசிங் மங்குவதும், மின்விசிறிக் காற்றில் சட்டென்று காயவைத்தால் ஓரளவு மினுங்குவதும் இதே காரணத்தால்தான். எது இல்லாததால் பளபளப்போ அதையே பெயராக வைப்பது பாடத்தில் பிழையாகிவிடும்.

'மெருகுப் பாகு' என்று வைக்கலாமே? பாகு என்றாலே இனிப்பு. 'பூச்சு' என்றால் சுவர்ப்பூச்சும் நகப்பூச்சும் நினைவுக்கு வருகின்றன.

அடுமனைப் பயிற்சியாளர்:

பாகு என்று எழுதினால் என் மாணவர்கள் அடுப்பைப் பற்றவைத்துவிடுவார்கள்! கம்பிப் பதம் பார்ப்பதுதான் பாகு. இதில் அடுப்பே கிடையாது. சலித்த சர்க்கரையைக் கட்டியில்லாமல் குழைக்கிறோம், அவ்வளவுதான். மெருகு சரி, பாகு சரியில்லை.

வினைச்சொற்களுக்கு வருகிறேன். எனக்கு அவைதான் முக்கியம். கை வேலை செய்வது வினையில்தான். ஓரத்துக் கோட்டை நாங்கள் 'வரப்பு' என்கிறோம். உள்ளே ஓடவிடுவது 'பாய்ச்சுவது'. வரப்பு கட்டி, அது லேசாகக் காய்ந்ததும் பாய்ச்ச வேண்டும். யாருக்கும் விளக்கம் சொல்லும்படி இதுவரை வந்ததில்லை. வரப்பில் சிறு உடைப்பு இருந்தாலும் ஐசிங் வெளியே வழிந்துவிடும். ஒரு முறை இதய வடிவக் குக்கியின் கூர்முனையில் ஊசிமுனை அளவு இடைவெளி விட்டேன். நிறைந்து வந்த சிவப்பு முழுவதும் அந்த வழியாக இறங்கித் தட்டில் குளமாக நின்றது. பாய்ச்சும் பதத்தைப் பார்க்கக் கத்தியால் ஒரு கோடு கிழியுங்கள். 10 முதல் 15 விநாடிக்குள் கோடு மூடிக்கொண்டால் சரி. அதற்கு மேல் ஆனால் அரைத் தேக்கரண்டி பால் விடலாம். உடனே மூடிக்கொண்டால் இன்னும் கொஞ்சம் சர்க்கரை.

தமிழாசிரியர்:

வரப்பும் பாய்ச்சலும் அருமை அம்மா. 'வரப்புயர நீருயரும்' இங்கேயும் அப்படியே பொருந்துகிறது. இதற்கு நான் மறுப்பே சொல்லமாட்டேன்.

ஆனால் 'ஐசிங்' என்பதை அப்படியே விட்டுவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வடசொல்லைத் தமிழ் எழுத்துக்கு ஏற்ப மாற்றித்தான் எடுக்கச் சொன்னார் தொல்காப்பியர். இங்கே நாம் மாற்றக்கூட முயலவில்லை. புரியவில்லை என்ற ஒரே காரணத்தால் ஒரு சொல்லைத் தள்ளினால், பேருந்து என்ற சொல்லும் வந்திருக்காது.

வேதியியல் படித்த ஒருவர்:

ஐயா, பேருந்து என்ற சொல் வழக்கில் நின்றது, காப்பிக்கு வைத்த குளம்பி நிற்கவில்லை. இரண்டும் தமிழாக்கம்தான். பேருந்தில் 'பேர்' கேட்டவுடன் புரிகிறது. குளம்பி என்றால் எனக்குக் குளம்புதான் நினைவுக்கு வருகிறது. மெழுக்கமும் அப்படி ஆகிவிடக் கூடாதே என்றுதான் சொல்கிறேன்.

மொழிபெயர்ப்பவர்:

எல்லோருக்கும் நன்றி. நாளை அனுப்ப வேண்டும் என்பதால் இப்படி எழுதிவிட்டேன்: மினுங்குவதற்கு 'மெருகுப் பூச்சு', ஓரத்துக்கு 'வரப்பு', நிரப்புவதற்குப் 'பாய்ச்சுதல்'. இங்கே வாய் திறந்தவர்களில் மூன்று பேர் மெருகுப் பூச்சுக்குச் சரி என்றார்கள். முழு மனதோடு சொன்னார்களா என்று தெரியவில்லை. குக்கிக்கு 'மாச்சில்' போடச் சொல்லித் தனியே இருவர் எழுதினார்கள். அதை இப்போது தொடவில்லை.

தமிழாசிரியர்:

அனுப்புங்கள் தம்பி. ஆனால் சொல்லடைவின் கடைசியில் 'மெழுக்கம்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். வழும்பு பற்றிய மடல் இரவுக்குள் வரும்.