புதுப்பிப்பு: ஹடர்ஸ்ஃபீல்ட் நகரின் பிறப்பு, இறப்புப் பதிவுகள்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரிலுள்ள ஹடர்ஸ்ஃபீல்டின் மேயர் பெஞ்சமின் பிராட்பென்ட், லாங்வுட் பகுதியில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் ஓராண்டு நிறைந்தால் 1 பவுண்டு தருவதாக 1904-இல் அறிவித்ததை இந்த இழையில் முன்பு எழுதியிருந்தேன். பிறப்புப் பதிவு ஏற்கெனவே கட்டாயமாக இருந்தபோது, அந்நகரம் 1906-இல் தனிச்சட்டம் பெற்றது எதற்கு என்று சிலர் கேட்டிருந்தார்கள்.

பொதுப் பதிவுக்கு 42 நாள் அவகாசம் இருந்தது. ஆனால் கைக்குழந்தைகளின் இறப்புகளில் பெரும்பங்கு முதல் சில வாரங்களிலேயே நிகழ்ந்ததால், சுகாதாரத் துறையினர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகும்போது பல நேரங்களில் காலம் கடந்திருந்தது. 48 மணி நேரத்துக்குள் பிறப்பை அறிவிக்க வேண்டும் என்று 1906-ஆம் ஆண்டுத் தனிச்சட்டம் கொண்டுவந்த புதிய விதிதான், தாய்க்கு உரிய நேரத்தில் ஆலோசனை கிடைக்க வழிசெய்தது. என் பார்வையில், பரிசுத்தொகையைவிட இதுவே பெரிய சாதனை. 1907-இல் விரும்பிய நகரங்கள் ஏற்கக்கூடியதாக வந்த இதையொத்த தேசியச் சட்டம், 1915-இல் எங்கும் கட்டாயமாயிற்று.

சிசு மரண விகிதங்களை ஆண்டுவாரியாக ஒப்பிடுவோர் 1911-ஐத் தனியாகக் கவனிக்க வேண்டும். அவ்வாண்டின் கடுங்கோடையில் வயிற்றுப்போக்கு பரவியதால், இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதிலும் 1000 பிறப்புகளுக்குச் சிசு மரணம் 130 ஆக உயர்ந்தது. 1912-இல் அது 95. ஆகவே ஓர் ஆண்டின் எண்ணை மட்டும் வைத்து ஒரு நகரின் திட்டத்தைப் பாராட்டுவதோ பழிப்பதோ அங்கே இறந்த குழந்தைகளுக்கும் உழைத்தவர்களுக்கும் நியாயமாகாது.