வாசிசின் என்று தேடினேன், பெகனின் தப்பிவிட்டது: செமான்டிக் வெப் உண்மையிலேயே உதவுமா?

மலைச்சரிவு கேட்டது:

ஆடாதொடை இலையில் உள்ள ஆல்கலாய்டுகள் (வாசிசின் போன்ற வேதிப்பொருள்கள்) பற்றி ஒரு ரிவ்யூ கட்டுரை எழுதி அனுப்பியிருந்தேன். எட்டு மாதம் கழித்துப் போன வாரம் திரும்பி வந்தது. இரண்டாவது ரிவ்யூவர் எழுதியதில் ஒரு வரி இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது: “வாசிசினும் பெகனினும் ஒரே பொருள் என்பது ஆசிரியருக்குத் தெரியுமா?”

தெரியாது. இருமல் மருந்தான புரோம்ஹெக்சின் வாசிசினிலிருந்து பிறந்தது என்று முன்னுரையில் பெருமையாக எழுதியவள்தான். ஆனால் இது தெரியாது.

பப்மெட் (மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளின் தேடுதளம்), கூகுள் ஸ்காலர் இரண்டிலும் தேடினேன். செடிக்கு ‘ஜஸ்டிசியா அடாதோடா’, ‘அடாதோடா வாசிகா’ என்று இரண்டு பெயர் போட்டேன். (‘அடாதோடா சைலானிகா’ என்று மூன்றாவதும் உண்டு, அதையும் விட்டிருக்கிறேன்.) வேதிப்பொருளுக்கு ‘வாசிசின்’ மட்டும். பெகனின் என்ற பெயரில் வந்த கட்டுரைகள் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

லேபில் ஒருவர், “செமான்டிக் வெப், ஸ்பார்க்கிள் எல்லாம் இதற்குத்தானே” என்றார். முன்னது தரவுகளை இயந்திரத்துக்குப் புரியும்படி இணைப்பதாம், பின்னது அதில் கேள்வி கேட்கும் வினவல் மொழியாம். நான்கு வீடியோ பார்த்தேன். எல்லாவற்றிலும் பீட்சாவை வகை பிரித்துக் காட்டுகிறார்கள். எனக்குப் பீட்சா வேண்டாம், ஆடாதொடை வேண்டும். ஆறு வாரத்தில் திருத்தி அனுப்ப வேண்டும். இதைக் கற்றுக்கொள்வது பிரயோஜனமா, இல்லை பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுவதே மேலா?

காண்க_அட்டை எழுதியது:

அம்மா, தவறு உங்களுடையது பாதி, தேடுபொறியுடையது பாதி. என் பங்கும் கொஞ்சம் உண்டு, சொல்கிறேன்.

31 வருடம் ஒரு கல்லூரி நூலகத்தில் இருந்தேன். மர இழுப்பறையில் அட்டைகள் அடுக்கிய காலம். அதில் ஒரு வகை அட்டையில் எந்தப் புத்தகத்தின் விவரமும் இருக்காது. ‘பெகனின், காண்க: வாசிசின்’ என்பது போல ஒரே ஒரு வரிதான். காண்க அட்டை என்போம். அதை எழுதச் சோம்பல்படுபவன் நல்ல நூலகன் ஆக மாட்டான் என்று என் மேலதிகாரி திட்டுவார். கம்ப்யூட்டர் வந்தபோது புத்தக அட்டைகளை எல்லாம் ஏற்றினோம், காண்க அட்டைகளைக் கட்டிப் பரணில் போட்டோம். எந்தச் சொல்லையும் தேடலாமே, இனி அது எதற்கு என்று நானும்தான் சொன்னேன். சொல்லைத் தேட முடிந்தது. பொருளைத் தேட முடியவில்லை. உங்கள் ரிவ்யூவர் பிடித்தது அதைத்தான்.

மருத்துவத் துறை மட்டும் இதில் கெட்டி. பப்மெடுக்குப் பின்னால் இருக்கும் மெஷ் சொற்பட்டியல் 1960 முதல் இருக்கிறது. ஆனால் அது ஒரு நிறுவனத்தின் வீட்டுக்குள் இருக்கும் இழுப்பறை. ஒவ்வொரு செடிக்கும் ஒவ்வொரு ஆல்கலாய்டுக்கும் அதில் தலைப்பு இருக்காது.

செமான்டிக் வெப் என்பதை நான் புரிந்துகொண்ட விதம்: காண்க அட்டையை உலகத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், எந்த இயந்திரமும் படிக்கலாம். டிம் பெர்னர்ஸ் லீயும் இன்னும் இருவரும் 2001இல் இதைப் பற்றி எழுதியபோது, நம் மென்பொருளே டாக்டரிடம் நேரம் வாங்கித் தரும் என்கிற ரீதியில் கனவு கண்டார்கள். அது வந்தபாடில்லை. ஆனால் ஆய்வுக் கட்டுரைகளின் உலகத்தில் சத்தமில்லாமல் வேலை நடந்திருக்கிறது.

அடிப்படை நம் பள்ளி இலக்கணம்தான். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள். ‘வாசிசின்’ எழுவாய். ‘இதில் காணப்படுகிறது’ பயனிலை. ‘ஆடாதொடை’ மூன்றாவது. இந்த மூன்றும் சொற்களாக இருக்காது, ஒவ்வொன்றுக்கும் மாறாத எண் இருக்கும். விக்கித்தரவில் (விக்கிப்பீடியாவின் சகோதரத் திட்டம், யாரும் திருத்தக்கூடிய தரவுக் கிடங்கு) ‘இந்த உயிரினத்தில் காணப்படுகிறது’ என்ற பயனிலையின் எண் பி703. நீங்கள் எண்ணைத் தேடுகிறீர்கள், அதனால் பெயர் வாசிசினா பெகனினா என்ற சண்டையே கிடையாது.

உங்கள் துறைக்கென்றே லோட்டஸ் என்று ஒரு திட்டம் இருக்கிறது. எந்த இயற்கைப் பொருள் எந்த உயிரினத்தில் கிடைத்தது, எந்தக் கட்டுரை சொன்னது என்று 7.5 லட்சத்துக்கு மேற்பட்ட இணைகளைத் திரட்டி விக்கித்தரவில் ஏற்றியிருக்கிறார்கள். 2022இல் ஈலைஃப் இதழில் விவரம் வந்தது. நீங்கள் கற்க வேண்டியது ஒரே ஒரு வினவல். பீட்சாவை விட்டுவிடுங்கள்.

ஒன்று கவனம். சேர்மத்துக்கு அடையாளம் இன்ச்சி கீ. 27 எழுத்து இடம், நடுவில் இரண்டு கோடு. முதல் 14 எழுத்து அணுக்கள் எப்படி இணைந்திருக்கின்றன என்பதைக் குறிக்கிறது. இடப்பக்க வடிவமா வலப்பக்க வடிவமா என்பது அடுத்த துண்டில் வருகிறது. பழைய கட்டுரைகளில் வடிவம் சொல்லாமல் விட்டிருப்பார்கள், அது தனிப் பதிவாகக் கிடக்கும். அதனால் முழுச் சாவியையும் ஒப்பிடாதீர்கள். முதல் 14 எழுத்து ஒன்றாக இருந்தால் எல்லாவற்றையும் அள்ளுங்கள்.

இனிஷியல்_மட்டும் எழுதியது:

கேள்விக்குக் கொஞ்சம் வெளியே, மன்னிக்கவும். செடிக்கு மூன்று பெயர் என்றீர்களே, எனக்கும் மூன்று. படிவத்தில் குடும்பப் பெயர் கேட்கிறார்கள், நமக்கு ஏது? ஒரு கட்டுரையில் என் இனிஷியல் முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் அப்பா பெயர் விரிந்து அவரே ஆசிரியர் போல நிற்கிறார். அவர் அரிசி மண்டி வைத்திருந்தவர்.

திருத்தி அனுப்பும்போது ஆர்கிட் எண் கட்டாயம் போடுங்கள். (தாவரவியல்காரர் என்பதால் சொல்கிறேன், பூ இல்லை. 2012இல் தொடங்கிய ஆய்வாளர் அடையாள எண். 16 இடம். கடைசியில் எக்ஸ் வந்தால் பதறாதீர்கள், அது சரிபார்ப்புக்கு.) அந்த எண் இல்லாதவரை விக்கித்தரவிலும் நீங்கள் பெரும்பாலும் ஒரு ஆள் இல்லை, வெறும் எழுத்துச் சரம். நிஜமாகவே ‘ஆசிரியர்’ என்று ஒரு பயனிலையும், ஆள் யாரென்று தெரியாதபோது போட ‘ஆசிரியர் பெயர்ச் சரம்’ என்று இன்னொன்றும் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். நான் இரண்டு வருடம் சரமாகவே இருந்தேன்.

சந்தேகப்பிராணி எழுதியது:

நூலகர் ஐயா சொன்னது எல்லாம் சரி. ஆனால் ஆறு வாரம்தான் இருக்கிறது என்பதால் சில பள்ளங்களைக் காட்டிவிடுகிறேன்.

இணையத்தில் கிடைக்கும் பழைய ஸ்பார்க்கிள் பாடங்களை நகலெடுத்துப் போட்டால் கட்டுரைத் தலைப்பு வராது. 2025இல் விக்கித்தரவின் வினவல் சேவையை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். ஆய்வுக் கட்டுரைகள் தனிக் கிடங்கு, மற்றதெல்லாம் முதன்மைக் கிடங்கு. சேர்மமும் செடியும் முதன்மையில். ஆதாரமாகக் காட்டிய கட்டுரையின் எண் மட்டும் அங்கே கிடைக்கும், அதன் தலைப்பும் டிஓஐயும் (கட்டுரையின் நிரந்தர அடையாள எண்) மற்றதில். வினவலுக்குள்ளேயே அடுத்த கிடங்கைக் கூப்பிட வேண்டும், அல்லது எண்களை எடுத்துக்கொண்டு இரண்டாவது முறை கேட்க வேண்டும்.

செடிப் பெயரிலும் இதே வம்பு. விக்கித்தரவில் இணைப்பெயர்களுக்குத் தனிப் பதிவு இருப்பது சகஜம். ஜஸ்டிசியாவை மட்டும் கேட்டால் அடாதோடாவின் கீழ் போட்டது வராமல் போகலாம். மூன்றையும் கேளுங்கள். காண்க அட்டைகளுக்கே காண்க அட்டை வேண்டியிருக்கிறது, ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது.

முக்கியமானது: அங்கே இல்லை என்பதற்கு உலகத்தில் இல்லை என்று அர்த்தமில்லை. யாரும் இன்னும் எழுதவில்லை, அவ்வளவுதான். பழைய சித்த மருத்துவ இதழ்கள் பலவற்றுக்கு டிஓஐயே கிடையாது. அவற்றில் ஆடாதொடை பற்றி என்ன இருந்தாலும் இந்த வலையில் மீன் விழாது. அதை இரயிலேறிப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

மலைச்சரிவு எழுதியது (ஒன்பது நாள் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் வினவலில், 14 எழுத்தில் தொடங்கும் எல்லாச் சேர்மங்களையும் கொடு என்று கேட்டேன். அது இருக்கிற சாவிகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் புரட்டப் போயிருக்கிறது. 60 நொடிதான் கெடுவாம், கழன்றுகொண்டது. மூன்று தடவை. பிறகு திருப்பிப் போட்டேன். செடியிலிருந்து தொடங்கி, அதன் மூன்று பெயர்களிலும் பதிவான சேர்மங்களை வாங்கி, 14 எழுத்தைக் கண்ணால் பொருத்தி, அந்தச் சேர்மங்கள் வேறு எந்தச் செடிகளில் இருக்கின்றன என்று அடுத்த வினவல். சில நொடியில் வந்துவிட்டது.

பெகனம் ஹர்மாலா வந்தது, அதை எதிர்பார்த்தேன். பெகனின் என்ற பெயரே அங்கிருந்துதானே. ஈரானில் அதன் விதையைச் சாம்பிராணி மாதிரி புகை போடுவார்களாம். எதிர்பார்க்காதது கலேகா அஃபிசினாலிஸ். சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மினின் கதையில் வருகிற அதே செடி! என் ரிவ்யூவில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இப்போது ஒரு பத்தி இருக்கிறது.

தலைப்புகளை இரண்டாவது கிடங்கில் போய் வாங்கினேன். 14 புதுக் கட்டுரைகள் தேறின. நான்கு எங்கள் நூலகத்தில் கிடைக்கவில்லை, சுருக்கம் மட்டும்தான் பார்க்க முடிகிறது. அடையாள எண்ணால் பூட்டைத் திறக்க முடியாது போல.

இன்னொன்று. கைடு கையில் இருந்த ஒரு கட்டுரை சொல்லும் செடி அந்தப் பட்டியலில் இல்லை. சந்தேகப்பிராணி சொன்ன கதைதான். நானே கணக்குத் தொடங்கி ஏற்றினேன். சேர்மம், பி703, செடி, கீழே ஆதாரமாக அந்தக் கட்டுரை. இருபது நிமிடம், அதில் பாதி கடவுச்சொல்லுக்கு. காண்க_அட்டை ஐயா, இது சரியா என்று ஒரு முறை பார்த்துச் சொல்லுங்கள்.

காண்க_அட்டை எழுதியது:

பார்த்தேன் அம்மா. ஆதாரத்தில் கட்டுரையைப் போட்டிருக்கிறீர்கள், நல்லது. ஆனால் செடியின் இணைப்பெயர்ப் பதிவில் போட்டுவிட்டீர்கள். கட்டுரையில் அச்சாகியிருக்கும் பெயர் அதுதான் என்றால் இருக்கட்டும், இல்லையென்றால் மாற்றுங்கள். அட்டையை எழுதிய பிறகு ஒரு தடவை இழுப்பறையைத் திறந்து பார்க்க வேண்டும் என்று என் மேலதிகாரி சொல்வார். அதற்கும் திட்டுவார்.