புல்புல்தாராவுக்கு எந்த ஆம்ப் வாங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. எங்கள் பஜனைக் குழுவில் புல்புல்தாரா வாசிக்கிறேன். டைப்ரைட்டர் மாதிரி விசைகள் வைத்த பெட்டி, அதேதான். தனியாக வாசித்தால் கணீரென்று இருக்கும். டோலக்கும் ஜால்ராவும் சேர்ந்துவிட்டால் எனக்கே கேட்பதில்லை. அதனால் உள்ளே ஒரு பியஸோ பிக்கப் (அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் சின்ன வில்லை) ஒட்டியிருக்கிறேன்.

நண்பரின் எலெக்ட்ரிக் கிட்டார் ஆம்பில் போட்டுப் பார்த்தேன். மேல்ஸ்தாயியின் பளபளப்பே இல்லை. அந்த வகை ஆம்ப்களில் பெரும்பாலும் ட்வீட்டர் (உச்ச ஒலிகளுக்கான சின்ன ஸ்பீக்கர்) கிடையாது என்பதால் ஆச்சரியமில்லை. மிக்ஸரின் லைன் இன்புட்டில் நேராகக் கொடுத்தால் ஒலி மெலிந்து தகரச் சத்தமாகிறது. பியஸோவுக்கு 1 மெகாஓம் அளவில் இன்புட் இம்பீடன்ஸ் (உள்ளீட்டு மின்தடை) வேண்டுமாம். ஆகவே அக்கூஸ்டிக் ஆம்ப்தான் (வாத்தியத்தின் இயல்பான ஒலியைப் பெருக்கும் வகை) என்று முடிவு செய்துவிட்டேன்.

மனதில் இருப்பவை இரண்டு. ஃபிஷ்மன் லவுட்பாக்ஸ் மினி, 60 வாட். ஃபீட்பேக்கைக் (ஸ்பீக்கர் ஒலி பிக்கப்பில் திரும்பப் புகுந்து ஊளையிடுவதை) குறைக்க ஃபேஸ் சுவிட்ச் உண்டு, ஆனால் மின்சாரம் வேண்டும். ரோலண்ட் ஏசி-33 எட்டு ஏஏ பேட்டரியிலும் ஓடும், மார்கழி வீதி பஜனைக்கு அதுதான் வசதி. ஆனால் 30 வாட்தான், பேட்டரியில் இன்னும் குறையும். திறந்தவெளியில் டோலக்குக்கு அது ஈடுகொடுக்குமா? இல்லை, ஒரு ப்ரீஆம்ப் (பிக்கப்பின் சிக்னலை முதலில் வலுப்படுத்தும் சின்னப் பெட்டி) வாங்கி, சார்ஜ் செய்யும் ஸ்பீக்கரோடு இணைப்பது புத்திசாலித்தனமா?

அப்புறம் இன்னொன்று. விசை தட்டும் 'டக் டக்' சத்தத்தையும் பிக்கப் அப்படியே பிடிக்கிறது. ஈக்வலைசரில் அடங்குமா, பிக்கப்பை இடம் மாற்ற வேண்டுமா? மாண்டலின், தோதாரா (வங்காள நரம்பு வாத்தியம்) வாசிப்பவர்களும் சொல்லலாம்.