கோடைப் புழுக்கத்தில் காலையும் மாலையும் ஓடுதல்: உங்கள் அனுபவங்கள் என்ன?

நான்கு ஆண்டுகளாக ஓடி வருகிறேன். கோடை முடிந்ததும் வரும் ஒரு மாரத்தானுக்காக, வாரத்துக்கு 60 கிலோமீட்டர் என்ற அளவைப் புழுக்கக் காலத்திலும் குறைக்கக் கூடாது என்று எண்ணி, ஒரே மூச்சில் 16 கிலோமீட்டர் ஓட முடியாத நாள்களில் அதைக் காலையில் 10, மாலையில் 6 எனப் பிரித்துக்கொண்டேன். முதல் இரண்டு வாரங்கள் குறையின்றிக் கழிந்தன. மூன்றாம் வாரத்து வியாழக்கிழமை நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அன்று காலை ஐந்தரை மணிக்கு வெப்பநிலை 26 டிகிரி, ஈரப்பதம் 90 விழுக்காடு. மாலையில் 33 டிகிரி, ஈரப்பதம் 60 விழுக்காடு. வெயில் கூடியிருந்தாலும் காற்று காலையைவிட உலர்ந்திருக்கிறது, வியர்வை எளிதில் ஆறிவிடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வழக்கமாக நிமிடத்துக்கு 145 துடிப்பில் நான் ஓடும் அதே வேகத்துக்கு, மூன்றாவது கிலோமீட்டரிலேயே கடிகாரம் 168 என்று காட்டியது. பட்டை நழுவியதால் தவறாகக் காட்டுகிறது என்று நினைத்து, அதை இறுக்கிக் கட்டிக்கொண்டு மேலும் ஓடினேன். சற்று நேரத்தில் அந்தப் புழுக்கத்திலும் முன்னங்கைகளில் மயிர்க்கூச்செறிந்தது, முதுகு சில்லிட்டது. சாலையோரத் திட்டில் உட்கார்ந்து காலணியைக் கழற்றப் பார்த்தேன். காலையில் நனைந்த அதே காலணி என்பதால் நாடா ஊறி முடிச்சு இறுகியிருந்தது. எந்த முனையை இழுத்தால் அந்த முடிச்சு அவிழும் என்பது எனக்குப் பிடிபடவே இல்லை. இரண்டு மூன்று நிமிடங்கள் அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

நல்ல வேளையாக வீடு அருகில் இருந்தது. நடந்தே வந்து, தலையில் நீர் ஊற்றிக்கொண்டு, பிறகு எடை பார்த்தேன். காலையில் கிளம்பும்போது 64.2 கிலோ, காலை ஓட்டம் முடிந்ததும் 62.6 கிலோ, இப்போது 61.9 கிலோ. இடையில் பத்து மணி நேரம் இருந்தும், தாகம் எடுத்தபோதெல்லாம் நீர் குடித்தும், இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பவே இல்லை. இருமுறை ஓடும் மற்றவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

* * *

நண்பரே, நான் பத்தொன்பது ஆண்டுகளாக ஓடுகிறேன். நீங்கள் போட்ட அதே தவறான கணக்கை முதல் ஐந்தாறு ஆண்டுகள் நானும் போட்டிருக்கிறேன். ஈரப்பத விழுக்காடு என்பது அந்தந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். வியர்வை ஆவியாவதைத் தீர்மானிப்பது காற்றில் உண்மையிலேயே இருக்கும் நீராவியின் அளவு. அதைப் பனிநிலை என்ற அளவால், அதாவது காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள நீராவி நீர்த்துளியாக மாறத் தொடங்குமோ அந்த வெப்பநிலையால், அறியலாம். உங்கள் காலை எண்களைக் கணக்கிட்டால் பனிநிலை ஏறத்தாழ 24 டிகிரி வருகிறது. மாலை எண்களைக் கணக்கிட்டாலும் அதே 24 தான் வருகிறது. காற்றில் இருந்த நீர் சற்றும் குறையவில்லை, வெப்பம் மட்டும் 7 டிகிரி ஏறியிருக்கிறது. போதாததற்குப் பகல் முழுதும் காய்ந்த தார்ச்சாலை கீழிருந்து அனல் வீசியிருக்கும். பனிநிலை 20 டிகிரியைத் தாண்டினாலே நான் நேர இலக்கு எதையும் வைத்துக்கொள்வதில்லை.

உங்கள் காலை ஓட்டத்திலேயே இதற்கான சான்று இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 1 கிலோகலோரி செலவாகும் என்று கொண்டால், 64 கிலோ எடையுள்ள நீங்கள் 10 கிலோமீட்டரில் 640 கிலோகலோரி செலவழித்திருப்பீர்கள். அதில் முக்கால் பங்குக்கும் மேல் வெப்பமாகவே வெளிப்படும். ஏறத்தாழ 500 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் தோலிலேயே ஆவியானால் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச்செல்லும். ஆக, வியர்வை ஒழுங்காக ஆவியாகியிருந்தால் ஒரு லிட்டரே உங்களுக்குத் தாராளமாகப் போதும். நீங்கள் இழந்ததோ 1.6 லிட்டர். மிச்சம் தரையில் சொட்டியது, சட்டையிலும் காலணியிலும் ஊறியது. சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை, நீரைத்தான் வற்றச் செய்கிறது. இரத்தத்தில் நீர் குறையும்போது, தோலுக்கும் தசைக்கும் ஒரே நேரத்தில் இரத்தம் அனுப்ப வேண்டிய இதயம் துடிப்பைக் கூட்டித்தான் ஈடுசெய்யும். உங்கள் கடிகாரம் காட்டிய 168 சரியான எண்தான்.

இருட்டிய பிறகு ஓடினால் தப்பித்துவிடலாம் என்று எண்ணுபவர்களுக்கு 2019 செப்டம்பர் 27 அன்று தோஹாவில் நடந்த உலகத் தடகளப் போட்டியின் பெண்கள் மாரத்தானை நினைவூட்டுவேன். வெயிலுக்குப் பயந்து இரவு 11:59-க்குத் தொடங்கினார்கள். அப்போதும் 32 டிகிரிக்கு மேல் வெப்பம், 70 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம். கிளம்பிய 68 பேரில் 28 பேர் ஓட்டத்தை முடிக்கவில்லை. அதே ஆண்டு ஜனவரியில் துபாயில் 2:17:08-ல் ஓடியிருந்த ரூத் செப்ங்கெட்டிச் அங்கே வென்ற நேரம் 2:32:43. உலகின் முதல் வரிசை வீராங்கனையே கால் மணி நேரம் கூடுதலாக எடுத்துக்கொண்ட சூழலில், நாம் வழக்கமான வேகத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவதில் பொருளில்லை.

என் வழக்கம் இதுதான்: மாலை ஓட்டத்துக்கு வேகமும் கிடையாது, தூரமும் கிடையாது. அதிகபட்சம் 40 நிமிடங்கள், துடிப்பு 140-க்குள். தாண்டினால் நடப்பேன். சில நாள்களில் பாதிக்கு மேல் நடையாகவே முடிந்திருக்கிறது.

* * *

முதல் பதிவில் உள்ள எடைக் கணக்கைப் பார்த்ததும் என் குறிப்பேடு நினைவுக்கு வந்தது. நானும் இரண்டு கோடைகளாக, ஓடுவதற்கு முன்னும் பின்னும் உடலைத் துடைத்துவிட்டு, வியர்வையில் நனைந்த ஆடை இல்லாமல் எடை பார்த்து எழுதி வருகிறேன். தாகத்தை மட்டும் நம்பினால் இரண்டாவது ஓட்டத்துக்குள் இழப்பு ஈடாகாது என்பதை நானும் கண்டிருக்கிறேன். ஒரு கிலோ குறைந்திருந்தால் அடுத்த நான்கைந்து மணி நேரத்தில் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். குடித்ததில் ஒரு பகுதி சிறுநீராகப் போய்விடும் என்பதால்தான் இந்தக் கூடுதல். உப்பு இல்லாத வெறும் நீரை மடக் மடக்கென்று குடித்தால் இன்னும் விரைவாக வெளியேறிவிடும்.

ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் எதிர்த் திசையில் ஓடிவிட வேண்டாம் என்பதற்காக என் கதையையும் சொல்கிறேன். சென்ற ஆண்டு, மாலையில் தளரக் கூடாது என்ற பயத்தில், உணவையும் குறைத்துக்கொண்டு பிற்பகல் முழுவதும் வெறும் நீராகக் குடித்துக்கொண்டே இருந்தேன். மூன்றரை லிட்டருக்கும் குறையாது. மாலை ஓட்டத்தின்போது தலை கனத்தது, குமட்டியது. நீர் போதவில்லை என்று நினைத்து மேலும் குடித்தேன். வீட்டுக்கு வந்து கை கழுவும்போது மோதிரத்தைக் கழற்ற முடியவில்லை. காலையில் தளர்வாகச் சுழன்ற மோதிரத்தின் இருபுறமும் விரல் உப்பிக்கொண்டு நின்றது. எடை, காலையில் ஓடுவதற்கு முன் இருந்ததைவிட 700 கிராம் கூடியிருந்தது. இரத்தத்தில் சோடியம் குறைந்துவிட்டது என்று மருத்துவர் சொன்னார். 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானை முடித்தவர்களில் 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்த ஆய்வில் 13 விழுக்காட்டினருக்கு இந்த நிலை இருந்ததும், ஓடும்போதே எடை கூடியவர்களிடம் அது மிகுதியாகக் காணப்பட்டதும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். தலைவலி, குமட்டல், தளர்ச்சி ஆகியவை நீர் குறைந்தாலும் வரும், மிகுந்தாலும் வரும். எது என்பதைச் சொல்ல என்னிடம் இருக்கும் எளிய கருவி தராசுதான்.

* * *

நீரைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். தோலையும் காலணியையும் பற்றி யாரும் எழுதவில்லை. ஈரம் காயாத காலணியை மாலையில் மீண்டும் மாட்டினால் கொப்புளம் உறுதி. காலையில் கழற்றியவுடன் உள்ளட்டையை வெளியே எடுத்து, செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஒரு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றினால்தான் அந்தக் காற்றில் ஓரளவாவது காயும். முடிந்தால் இரண்டாவது இணை வைத்துக்கொள்வதே நல்லது. தொடை இடுக்கிலும் அக்குளிலும் காலையில் வாஸ்லின் களிம்பு தடவியிருந்தாலும் மாலைக்குள் அது போய்விட்டிருக்கும். மறுபடியும் தடவ வேண்டும். வியர்த்த ஆடையோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்த பழக்கத்தால் எனக்கு முதுகு முழுவதும் வேர்க்குரு வந்தது, அதைத் தொடர்ந்து இடுப்பில் படர்தாமரையும் வந்தது. இரண்டாவதைக் குணப்படுத்த ஆறு வாரங்கள் ஆயின.

* * *

முதல் பதிவை எழுதிய நண்பர் காலணி முடிச்சைப் பற்றிச் சொன்ன இடத்தில் எனக்கு நெஞ்சு பதைத்தது. ஒரு பயிற்சி முகாமில், அன்றைய இரண்டாவது ஓட்டத்தின்போது என்னோடு ஓடிய இளைஞர் ஒருவர், திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராகப் போனார். கூப்பிட்டதற்குக் கோபத்தோடு ஏதோ சொன்னார். சொற்கள் தெளிவாக இருந்தன, ஆனால் கேட்டதற்கும் சொன்னதற்கும் தொடர்பில்லை. வியர்வை கொட்டிக்கொண்டிருந்தது. வியர்வை நின்றால்தான் ஹீட் ஸ்ட்ரோக் எனப்படும் வெப்பவாதம் என்று அதுவரை நான் நம்பியிருந்தேன். ஓடும்போது வரும் வெப்பவாதத்தில் வியர்த்துக்கொண்டேகூட விழுவார்கள் என்று எனக்குத் தெரியாது. பயிற்சியாளர் அவரை வண்டியில் ஏற்ற விடவில்லை. முகாமில் தயாராக இருந்த பெரிய தொட்டியில், கழுத்து வரை பனிக்கட்டி நீரில் அமர்த்தி, தலையைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளச் செய்தார். மலக்குடலில் வைத்துப் பார்த்த வெப்பநிலை 41 டிகிரியைத் தாண்டியிருந்தது. முதலில் குளிர்விப்பு, அதன் பிறகே மருத்துவமனை என்பதுதான் முறை. 40 டிகிரிக்கு மேல் உடல் எத்தனை நிமிடம் கொதிக்கிறது என்பதைப் பொறுத்தே உறுப்புகளின் சேதம் அமைகிறது. கால் மணி நேரத்துக்குள் அவர் தன் பெயரைச் சரியாகச் சொன்னார்.

காலை ஓட்டத்துக்குப் பின் முழங்கால் வலிக்காக அவர் இபுபுரோஃபன் மாத்திரை போட்டிருந்ததை மருத்துவர் கடிந்துகொண்டார். நீர் வற்றிய உடலில் அந்த மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தை மேலும் குறைத்துவிடுமாம். இருமுறை ஓடுபவர்கள் இரண்டுக்கும் நடுவே இதைப் போடும் வழக்கத்தைப் பரவலாகப் பார்த்திருக்கிறேன்.

* * *

சற்று மாறுபட்டுச் சொல்கிறேன், யாரும் தவறாக எண்ண வேண்டாம். வாரத்துக்கு 60 கிலோமீட்டர் ஓடுபவருக்கு இரட்டை ஓட்டமே தேவையில்லை; ஆறு நாள்களில் நாளுக்குப் பத்து என்று ஓடிவிட்டுப் போகலாம். கோடையில் நூறைத் தாண்டும் எனக்கு வேறு வழியில்லை. அதிலும் மாலைப் பகுதியை அறைக்குள் டிரெட்மில்லில், எதிரே பெரிய மின்விசிறியை வைத்துக்கொண்டு ஓடுகிறேன். விசிறி இல்லாமல் ஓடினால் நம்மைச் சுற்றியுள்ள ஈரக்காற்று அப்படியே நிற்கும். வெளியே ஓடுவதைவிட மோசம்.

* * *

முதல் பதிவை எழுதியவன் மீண்டும் வருகிறேன். அனைவருக்கும் நன்றி. நான்கு நாள்கள் முழு ஓய்வெடுத்த பிறகு, இரட்டை ஓட்டத்தை வாரத்தில் இரண்டு நாள்களாகக் குறைத்து மூன்று வாரங்கள் ஆகின்றன. பிற்பகல் நான்கு மணிக்குள் எடை, காலைத் தொடக்க எடைக்கு அரை கிலோ அளவுக்குள் திரும்பாவிட்டால் மாலை ஓட்டம் கிடையாது என்று வைத்துக்கொண்டேன். இதுவரை ஆறு மாலைகளில் இரண்டைக் கைவிட்டிருக்கிறேன். இரண்டாவது முறை 63.6 என்று காட்டியது. காலணியை மாட்டி வாசல் வரை போய்விட்டு, நூறு கிராமுக்காகவா என்று நின்று, மறுபடியும் ஏறிப் பார்த்து, அதே எண்ணைக் கண்டு கழற்றி வைத்தேன்.

இப்போது மீதமிருப்பது தூக்கம். மாலை ஓட்டத்தை ஏழு மணிக்குப் பிறகு வைத்தால் பத்தரை வரை உடல் சூடு தணியாமல் புரண்டுகொண்டிருக்கிறேன். ஐந்தரைக்கு வைத்தால் தார்ச்சாலையின் அனல். மறுநாள் ஐந்து மணிக்கு எழ வேண்டியவர்கள் இந்த இரண்டில் எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.