கிரேட் லீக் விவாதம்: பின்னால் நிற்கும் இருவருக்கும் ஒரே பலவீனம் இருக்கலாமா?

புதுஇலை
போகிமான் கோ என்ற மொபைல் விளையாட்டில் இருவர் மோதும் கிரேட் லீக் ஆட ஆரம்பித்திருக்கிறேன். ஒவ்வொரு போகிமானுக்கும் 1500 சிபி (பலப் புள்ளி) எல்லை, குழுவில் மூன்று பேர், ஆட்டக்காரருக்குத் தலா இரண்டு ஷீல்டு (எதிராளியின் பெரிய அடியைத் தடுக்கும் கவசம்), இதெல்லாம் புரிந்துவிட்டது. குழு அமைப்பதில்தான் குழப்பம். கையில் ஸ்கார்மரி, ஸ்வாம்பர்ட், விஸ்காஷ், அசுமரில், வீனசார் இருக்கின்றன. போகிமானை வலுப்படுத்தச் செலவாகும் ஸ்டார்டஸ்ட் அதிகமில்லை. ஸ்கார்மரியை லீடாக (முதலில் இறங்குபவராக) விட்டு ஸ்வாம்பர்ட், விஸ்காஷ் இரண்டையும் பின்னால் வை என்று ஒருவர் சொன்னார். அவை இரண்டுமே நீர்-நிலம் வகை. ஒரு தாவர வகை வந்தால் இரண்டும் காலிதானே? இது எப்படி நல்ல குழுவாகும்?

சேற்றுக்காலன்
நல்ல குழுதான். இதற்கு ஏபிபி என்று பெயர். முன்னால் ஒருவர், பின்னால் ஒரே பலவீனம் உள்ள இருவர். அந்தப் பலவீனத்தை அடிக்கக்கூடியவர் முன்னால் நிற்கிறார். ஸ்கார்மரி எஃகு-பறவை. தாவர அடி அதன் மேல் 0.39 மடங்குதான் விழும்.

ஓர் ஆட்டத்தை அப்படியே ஓட்டிப் பாருங்கள். உங்கள் ஸ்கார்மரிக்கு எதிரே லாந்தர்ன் வருகிறது. மின்சாரம். லீட் போச்சு. யோசிக்காமல் ஸ்வாம்பர்ட்டை இறக்குங்கள். எதிராளியிடம் வீனசார் இருக்கிறது, ஆசை தாங்காமல் உடனே அதை அனுப்புவார். அதன் ஃப்ரென்ஸி பிளான்ட் என்ற தாவர அடி ஸ்வாம்பர்ட் மேல் 2.56 மடங்கு. சாகட்டும். இங்கே ஷீல்டு போட்டால் எல்லாம் கெட்டது. ஸ்வாம்பர்ட் விழுந்ததும் ஸ்கார்மரி திரும்ப வருகிறது. எதிராளி இப்போதுதான் ஆள் மாற்றியிருக்கிறார், கொஞ்ச நேரத்துக்கு மறுபடி மாற்ற முடியாது. வீனசார் மாட்டிக்கொண்டது. அதைத் தின்றுவிட்டால் மிச்சமிருக்கும் லாந்தர்னுக்கு விஸ்காஷ் காத்திருக்கிறது. அதன் மட் ஷாட் அடி நில வகை, லாந்தர்ன் மேல் 1.6 மடங்கு. ஷீல்டு இரண்டும் உங்கள் கையில்.

நீலமுயல்
எதிராளி நீங்கள் எழுதிக் கொடுத்த வசனத்தை அப்படியே பேசினால் எல்லாக் குழுவும் ஜெயிக்கும்.

ஸ்வாம்பர்ட் இறங்கியதும் அவர் வீனசாரை அனுப்பாமல் அசுமரிலை அனுப்பினால்? ஸ்வாம்பர்ட்டின் நீர் அடியான ஹைட்ரோ கேனன் அசுமரில் மேல் 0.625 மடங்குதான். இரண்டும் மல்லுக்கட்டி, ஷீல்டுகள் கரைந்து, கடைசியில் உங்களிடம் ஸ்கார்மரியும் விஸ்காஷும் மிச்சம். அவரிடம் முழு உடம்போடு லாந்தர்ன், வீனசார். லாந்தர்ன் ஸ்கார்மரியைப் பார்த்துக்கொள்ளும், வீனசார் விஸ்காஷைப் பார்த்துக்கொள்ளும். நீங்கள் போனைக் கீழே வைக்கலாம்.

புதிதாக வருபவருக்கு ஏபிசிதான் சரி. மூவருக்கும் பெரும்பாலும் வேறு வேறு பலவீனம். ஸ்கார்மரி, ஸ்வாம்பர்ட், வீனசார் மூன்றையும் எடுங்கள். எந்த ஆட்டமும் முதல் பத்து வினாடியில் முடிந்துபோகாது.

சேற்றுக்காலன்
முடிந்துபோகாது, ஆனால் ஜெயிக்கவும் ஜெயிக்காது. ஏபிசியில் ஒவ்வொருவருக்கும் ஒரு எதிரி இருப்பார். லீட் தோற்றால் ஸ்வாப்பில் (ஆள் மாற்றும்போது) யாரை இறக்கினாலும் எதிராளிக்கு அதற்கேற்ற ஆள் இருக்க வாய்ப்பு உண்டு. அதைப் போட்டுவிட்டு, மறுபடி ஆட்டத்தின் பிடியை அவர் கையில் வைத்துக்கொள்வார். என் குழுவில் அவர் போடும் சரியான பதிலே பொறி.

அசுமரிலை அனுப்பிவிட்டு வீனசாரைக் கடைசிவரை ஒளித்துவைக்கும் பொறுமை எல்லோருக்கும் வராது. 2000 ரேட்டிங்குக்குக் கீழே இருப்பவர்கள் கையில் சரியான பதில் ஆள் இருந்தால் அந்த நிமிடமே போட்டுவிடுவார்கள்.

கணக்குப்பிள்ளை
இருவரும் சண்டையை ஒரு நிமிடம் நிறுத்துங்கள். புதுஇலை, முதலில் பிவிபோக் என்ற தளத்தில் போகிமான்களின் தரவரிசையைப் பாருங்கள். ஒவ்வொரு ஜோடியையும் ஷீல்டு இல்லாமல், ஒன்றோடு, இரண்டோடு என்று ஓட்டிப் பார்த்து மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். மேலே இருப்பதை எடுங்கள், கீழே இருப்பதை விடுங்கள். இதில் கருத்துக்கு என்ன வேலை?

மூன்றாம்கவசம்
கணக்கு ப்ரோ, அந்தப் பட்டியலில் முதல் மூன்றையும் சேர்த்தால் குழு ஆகிவிடுமா? மூன்றும் ஒரே ஆளிடம் தோற்பதாக இருந்தால்? தனி ஆளாக எவ்வளவு தேறும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. பக்கத்தில் யார் நிற்கிறார் என்பது அதற்குத் தெரியாது.

கணக்குப்பிள்ளை
அதே தளத்தில் லீட், ஸ்வாப், க்ளோசர் (கடைசியில் முடிப்பவர்) என்று தனித்தனிப் பட்டியல் இருக்கிறதே. பொதுப் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு ஓடுபவர்களுக்கு நான் பொறுப்பில்லை. குழுவின் ஓட்டையைக் காட்டும் கருவியும் அங்கேயே இருக்கிறது. மூன்று பெயரைக் கொடுத்தால் எது உங்களை அடிக்கும் என்று சொல்லிவிடும்.

இன்னொன்று, இது கருத்தே இல்லை, கணக்கு: ஐவி, அதாவது ஒவ்வொரு போகிமானுக்கும் பிறவியிலேயே 0 முதல் 15 வரை கிடைக்கும் தாக்குதல், தற்காப்பு, உயிர்ப் புள்ளிகள். சிபி கணக்கில் தாக்குதல் முழுசாகப் பெருக்கப்படுகிறது. தற்காப்பும் உயிரும் வர்க்கமூலமாகத்தான் வருகின்றன. அதனால் 1500 என்ற கூரையின் கீழ் தாக்குதல்தான் இடத்தை அதிகம் அடைத்துக்கொள்ளும். தாக்குதல் 0, மற்ற இரண்டும் 15 என்றிருந்தால் இன்னும் சில படி ஏற்றலாம், மொத்த பலம் கூடும். மூன்று நட்சத்திரம், நூற்றுக்கு நூறு என்று பெருமையாக வைத்திருப்பதை இங்கே கொண்டுவர வேண்டாம். மிட்டாயாக மாற்றத் தயாராக இருந்த ஒரு சப்பை ஸ்வாம்பர்ட்தான் கிரேட் லீக் ராஜா.

நீலமுயல்
இதில் பாதிதான் சொன்னீர்கள். இருவரும் ஒரே நொடியில் சார்ஜ் மூவை (எனர்ஜி சேர்ந்ததும் போடும் பெரிய அடியை) அழுத்தினால் யாருக்குத் தாக்குதல் அதிகமோ அவருடையதுதான் முதலில் போகும். ஸ்வாம்பர்ட்டுக்கு எதிரே ஸ்வாம்பர்ட் நிற்கும்போது, தாக்குதல் 0 வைத்திருப்பவர் அந்த மோதலில் எப்போதும் இரண்டாவதுதான். உயிர் பத்துப் புள்ளி மிச்சமிருந்து என்ன பயன், ஹைட்ரோ கேனன் கிளம்பாமலே விழுந்துவிட்டால்? எதிரே தன் வகையே அடிக்கடி வரும் ஆளுக்குக் கொஞ்சம் தாக்குதல் வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

கணக்குப்பிள்ளை
ஒரே ஆள் எதிரெதிரே நிற்கும் கண்ணாடி ஆட்டம் பத்தில் எத்தனை வரும்? மிச்ச ஆட்டங்களில் அந்தத் தாங்கும் சக்தி பேசும்.

நீலமுயல்
அது எந்த ஆள் என்பதைப் பொறுத்தது. அசுமரில் எங்கே பார்த்தாலும் நிற்கும் ஒரு சீசனில் அசுமரில் வைத்திருப்பவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

வால்நட்சத்திரம்
எதைத் தேர்ந்தெடுத்தாலும் பயனில்லை நண்பர்களே. குழுவை மாற்றினால் அடுத்த ஆட்டத்திலேயே அதற்கு எதிரான லீட் வருகிறது. ஆட்டமே பார்த்துப் பார்த்து அனுப்புகிறது. லாந்தர்ன் வருகிறதே என்று தாவரம் சேர்த்தேன், நெருப்பாக வந்து கொட்டியது.

மூன்றாம்கவசம்
ஆரம்பித்துவிட்டீர்களா. மாற்றிய பிறகு சாதகமான லீட் வந்த ஆட்டங்களை யாரும் இங்கே வந்து எழுதுவதில்லை. அடி வாங்கியதுதான் நினைவில் நிற்கும். நெருப்பு வந்தது சரி, அது வந்தபோது ஸ்வாப்பில் யாரை இறக்கினீர்கள்? அதைச் சொல்லுங்கள், பேசலாம்.

வால்நட்சத்திரம்
இறக்க ஆளில்லை. பின்னால் இருந்த இரண்டும் நெருப்புக்குப் பயந்தவை.

மூன்றாம்கவசம்
அப்போ சதி செய்தது ஆட்டம் இல்லை.

புதுஇலை
ரொம்ப நன்றி. ஆனால் ஸ்டார்டஸ்ட் பற்றி யாரும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் தலைவலி.

மூன்றாம்கவசம்
உருப்படியான கேள்வி இதுதான். முதலில் இரண்டாவது சார்ஜ் மூவைத் திறங்கள். அது இல்லாமல் போனால் எதிராளிக்கு ஷீல்டு போடுவதா வேண்டாமா என்ற சந்தேகமே வராது. ஸ்வாம்பர்ட், வீனசார் இரண்டும் ஸ்டார்ட்டர் (ஆரம்பத்தில் தரப்படும்) வரிசை, அதனால் தலா 10,000 ஸ்டார்டஸ்டும் 25 மிட்டாயும் போதும். ரெஜிஸ்டீல் மாதிரி லெஜண்டரிக்கு (அரிய போகிமானுக்கு) 100,000 ஸ்டார்டஸ்ட், 100 மிட்டாய். பட்டியலில் மேலே இருக்கிறதே என்று அதில் கை வைக்காதீர்கள்.

மெடிச்சாமும் வேண்டாம். அதை 1500க்குப் பக்கத்தில் கொண்டுபோக ஏறக்குறைய 50ஆம் லெவல்வரை ஏற்ற வேண்டும். 40இலிருந்து 50க்குப் போக மட்டும் 250,000 ஸ்டார்டஸ்ட், 296 எக்ஸ்எல் மிட்டாய். அந்தச் செலவில் ஒரு முழுக் குழுவையே கட்டலாம். ஃப்ரென்ஸி பிளான்ட், ஹைட்ரோ கேனன் மாதிரியானவை மூவை மாற்றித் தரும் சாதாரண டிஎம்மில் வராது. உங்களிடம் இருப்பதில் அந்த மூவ் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செலவு செய்யுங்கள். இல்லாவிட்டால் எலைட் டிஎம், அல்லது அந்த மூவ் திரும்ப வரும் நிகழ்ச்சி.

சேற்றுக்காலன்
இதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஹைட்ரோ கேனன் இல்லாத ஸ்வாம்பர்ட் வெறும் தவளை. அது இருந்தால் ஐந்தே மட் ஷாட்டில் சார்ஜ் ஏறிவிடும், ஐந்து வினாடி. அந்த வேகத்துக்காகத்தான் இரண்டு சேற்றுக்காரர்களை வைக்கச் சொல்கிறேன். எதிராளி ஷீல்டு போட்டே தேய்ந்துவிடுவார்.

நீலமுயல்
எல்லோருக்கும் அது ஐந்து என்று தெரியும். எண்ணிக்கொண்டே இருந்து, சரியாக ஐந்தாவதில் அதைத் தாங்கும் ஆளை உள்ளே இழுத்துவிடுவார்கள். ஹைட்ரோ கேனன் என் அசுமரில் மேல் விழும். வேகம் என்றால் அது அவர்களுக்கும் பழகிய வேகம்.

சேற்றுக்காலன்
எண்ணுகிறார் என்று தெரிந்தால் ஐந்தில் போடாதீர்கள், ஏழில் போடுங்கள். இழுத்தவர் ஏமாந்து, தப்பான ஆளோடு மாட்டிக்கொள்வார். சேமித்து வைத்த எனர்ஜி எங்கும் போகாது, 100 வரை நிற்கும்.

நீலமுயல்
ஆக உங்கள் குழு ஜெயிக்க எதிராளி ஒருமுறை அவசரப்பட வேண்டும், இன்னொருமுறை அதிபுத்திசாலியாக இருக்க வேண்டும். ஒரே ஆள்.

மூன்றாம்கவசம்
ஹாஹா. இதற்குப் பதில் சொல்லுங்கள் சேற்றுக்காலன்.

சேற்றுக்காலன்
பதில் இருக்கிறது. எதிராளி எப்படிப்பட்டவர் என்பதை முதல் ஸ்வாப்பிலேயே கண்டுகொள்ளலாம். ஸ்வாம்பர்ட் இறங்கியதும் ஒரு வினாடியில் பதில் வந்தால் அவசரக்காரர், பொறி வேலை செய்யும். நாலைந்து வினாடி நின்று, மட் ஷாட் வாங்கிக்கொண்டே யோசித்தால் விவரமானவர். அப்போது ஆட்டத்தை மாற்ற வேண்டும். ஸ்வாம்பர்ட்டுக்கு ஒரு ஷீல்டு கொடுத்து, எதிராளியிடமிருந்து இரண்டு ஷீல்டையும் வாங்கப் பார்க்க வேண்டும். விஸ்காஷ் கடைசியில் ஷீல்டு இல்லாத எதிராளியைப் பார்த்தால் வீனசாரே வந்தாலும் ஒரு பிளிசார்டு போதும், பனி அடி தாவரத்தின் மேல் 1.6 மடங்கு. கையில் எனர்ஜி சேர்த்து வந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று சொல்ல மறந்தேன். ஸ்கார்மரி வீனசாரைப் பிடித்ததும் அதன் கடைசித் துளி உயிரைச் சார்ஜ் மூவ் போட்டு எடுக்காதீர்கள். சாதாரண அடியான ஏர் ஸ்லாஷாலேயே தேய்த்து முடியுங்கள். சேரும் எனர்ஜியை லாந்தர்ன் வந்ததும் அதன் மேல் கொட்டிவிட்டு ஸ்கார்மரி சாகலாம். உயிர் போகாவிட்டாலும் ஷீல்டு போகும்.

கணக்குப்பிள்ளை
இந்தக் கடைசிப் பத்தியை எல்லோரும் படிக்க வேண்டும். எந்தப் பட்டியலிலும் கிடைக்காது.

நீலமுயல்
அதில் எனக்கும் சண்டை இல்லை. ஆனால் இவை எல்லாம் மூவரையும் மறைத்து ஆடும் பேட்டில் லீக்குக்கு மட்டும். நேரடிப் போட்டிகளில் ஆறு பேரைக் காட்டி மூவரை எடுப்பார்கள், தோற்றால் அடுத்த ஆட்டத்துக்கு வேறு மூவர். 2022இல் லண்டனில் நடந்த உலகப் போட்டியில் போகிமான் கோ முதன்முறையாகச் சேர்ந்தபோதும் அப்படித்தான். ஆறில் ஸ்வாம்பர்ட்டும் விஸ்காஷும் தெரிந்தால் எதிராளி கண்ணை மூடிக்கொண்டு தாவரத்தை எடுப்பார். ஒளிக்க முடியாத பொறி எதற்கு?

சேற்றுக்காலன்
எடுக்கட்டுமே. அவர் தாவரத்தை எடுப்பார் என்று தெரிந்துவிட்டால் நான் சேற்றைத் தொடவே மாட்டேன். நெருப்பு, ஸ்கார்மரி, இன்னொன்று. ஆறில் இருவரைக் காட்டியே அவர் மூவரில் ஒருவரை நான் தேர்ந்தெடுத்துவிட்டேன்.

நீலமுயல்
அவரும் அதையே யோசித்துத் தாவரத்தை விட்டுவிட்டால்?

சேற்றுக்காலன்
அப்போது சேறு.

புதுஇலை
ஒன்று மட்டும் முடிவு செய்துவிட்டேன். ஸ்வாம்பர்ட்டில் ஹைட்ரோ கேனன் இருக்கிறது, பார்த்துவிட்டேன், இரண்டாவது மூவ் திறக்கப் போகிறேன். ஸ்கார்மரி லீட். மூன்றாவது ஆள் இந்த வாரம் விஸ்காஷ், அடுத்த வாரம் வீனசார். எது எனக்கு ஒத்துவருகிறது என்று பார்க்கிறேன்.

நீலமுயல்
வீனசாரிலிருந்து ஆரம்பியுங்கள்.

சேற்றுக்காலன்
விஸ்காஷ்.