பிறக்காத பிள்ளையை ஊழியத்துக்கென்று பொருத்தனை பண்ணலாமா?

ஒலிவக்கன்று:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்களுக்குக் கல்யாணமாகி 7 வருஷம், பிள்ளை இல்லை. ஒரு தடவை ஐ.வி.எஃப் (செயற்கைக் கருத்தரிப்பு) செய்து தங்கவில்லை, அடுத்த மாதம் இரண்டாவது தடவை போகிறோம். போன ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் அத்தை (வீட்டுக்காரரின் அம்மா) என்னைத் தனியாகக் கூப்பிட்டு, முடிச்சுப் போட்ட ஒரு பழைய கைக்குட்டையை என் கையில் வைத்தார்கள். உள்ளே எல்லாம் ஒரு ரூபாய் நாணயம், எண்ணினால் 84. எங்கள் கல்யாணத்திலிருந்து மாதம் ஒன்றாக எடுத்து வைத்திருக்கிறார்கள். "முதல் பிள்ளையைக் கர்த்தருடைய ஊழியத்துக்குத் தருகிறேன் என்று வாய்திறந்து பொருத்தனை பண்ணு, வேதத்தில் பிள்ளையில்லாத அன்னாள் அப்படிக் கேட்டுத்தான் சாமுவேலை வாங்கினாள், அப்புறம் இதைக் காணிக்கைப் பையில் போடு" என்றார்கள். எனக்குப் பதில் வரவில்லை. இன்னும் உருவாகவே இல்லாத ஒருவருடைய வாழ்க்கையை நான் எப்படிப் பேசி முடிப்பது? அதே நேரம், பொருத்தனை பண்ணாமல் போய் இந்தத் தடவையும் கலைந்தால் காலம் முழுக்க "நீ ஒரு வார்த்தை சொல்லவில்லையே" என்று என் மனசே கேட்கும். வேதம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொதிகை மேய்ப்பன்:
மகளே, தைரியமாகப் பண்ணு. நானே அப்படிப் பொருத்தனை பண்ணப்பட்ட பிள்ளைதான். 1974-ல் எனக்கு 3 வயது, டைபாய்டு, பிழைக்க மாட்டான் என்று சொல்லிவிட்டார்கள். என் அம்மா பீடி சுற்றிக் குடும்பம் நடத்தியவர்கள், கொடுக்க வேறு ஒன்றும் இல்லை, என்னையே கொடுத்தார்கள். இன்று ஊழியத்தில் 28 வருஷம். நான் எதற்குப் பிழைத்தேன் என்று ஒருநாளும் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. "இதோ, பிள்ளைகள் கர்த்தரால் வரும் சுதந்தரம்" என்று சங்கீதம் 127 சொல்கிறது, சுதந்தரம் என்றால் உரிமைச் சொத்து. அவர் கொடுத்ததை அவருக்கே கொடுப்பதில் என்ன குறை? இன்னொன்றும் சொல்கிறேன். எல்.கே.ஜி. படிக்கிற பையனை டாக்டராக்குவேன் என்று பெற்றவர்கள் தீர்மானித்து, ஆறாம் வகுப்பிலிருந்தே நீட் கோச்சிங்குக்கு அனுப்புகிறார்கள், பிள்ளையிடம் சம்மதம் கேட்டீர்களா என்று நம் சபையில் ஒருவரும் கேட்பதில்லை. ஊழியத்துக்கு என்றால் மட்டும் எல்லாருக்கும் பிள்ளையின் சுதந்திரம் ஞாபகம் வருகிறது.

சின்ன ஐயர்:
அக்கா, தயவுசெய்து பண்ணாதீர்கள். நானும் பொருத்தனைப் பிள்ளைதான். ஐந்து வயதில் வெள்ளைச் சட்டை போட்டு, குடும்ப ஜெபத்தில் முக்காலி மேல் ஏற்றி நிறுத்தி 23-ம் சங்கீதம் சொல்ல வைப்பார்கள். சொந்தக்காரர்கள் எல்லாரும் என்னைக் கூப்பிட்டதே "சின்ன ஐயர்" என்றுதான் (எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்போம்), அதைத்தான் இங்கேயும் பெயராக வைத்திருக்கிறேன். எனக்கு ரேடியோவைப் பிரித்துப் போட்டு மறுபடி மாட்டுவதில்தான் உயிர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஐ.டி.ஐ. போகிறேன் என்று சொல்ல வாய் எடுக்கவே பயமாக இருந்தது. இறையியல் கல்லூரியில் சேர்த்தார்கள், போனேன். மூன்றாம் வருஷம் பிரசங்கப் பயிற்சிக்கு மேடையில் நிற்கும்போது, நான் சொல்வதில் ஒரு வரிகூட என்னுடையது இல்லை என்று தெரிந்தது. படிப்பை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். நாலு மாதம் கழித்துத் தம்பி பைக்கில் விழுந்து கால் முறிந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து அம்மா என்னிடம் சொன்னது, "நீ செலுத்தாததை அவன் செலுத்துகிறான்." 9 வருஷம் ஆகிவிட்டது, இப்போதும் தம்பி கொஞ்சம் சாய்ந்துதான் நடப்பான், அவன் நடப்பதைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அந்த வார்த்தை காதில் விழுகிறது.

மேய்ப்பன் ஐயா, நீட் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரிதான், அதுவும் அநியாயம்தான். ஆனால் நீட்டில் தோற்றவனிடம் "நீ கடவுளை ஏமாற்றிவிட்டாய்" என்று யாரும் சொல்வதில்லை.

பொதிகை மேய்ப்பன்:
தம்பி, உங்கள் அம்மா சொன்னது தவறு, அதை ஒரு போதகனாகவே சொல்கிறேன். ஆனால் அதற்காகப் பொருத்தனையையே தூக்கிப் போட முடியாது. "நீ நேர்ந்துகொண்டதைச் செய்" என்று பிரசங்கி 5-ல் இருக்கிறது.

சின்ன ஐயர்:
அடுத்த வசனத்தையும் வாசியுங்கள் ஐயா. "நீ நேர்ந்துகொண்டதைச் செய்யாமற்போவதைப்பார்க்கிலும், நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம்." நேர்ந்துகொண்டவர்தான் செய்ய வேண்டும். என் அம்மா நேர்ந்தார்கள், செய்ய வேண்டியது நானா? 1 சாமுவேலில் வரும் அன்னாள் கதையிலும் எல்லாரும் முதல் அதிகாரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். மூன்றாம் அதிகாரம் 7-ம் வசனம், "சாமுவேல் கர்த்தரை இன்னும் அறியாதிருந்தான்." ஆலயத்திலேயே வளர்ந்தவன், அம்மா கொண்டுவந்து விட்ட பிள்ளை, அவனையும் கர்த்தர் தாமே பேர் சொல்லிக் கூப்பிட வேண்டியிருந்தது, அதுவும் நாலு தடவை. அம்மாவின் பொருத்தனையே போதும் என்றால் அந்த ராத்திரி எதற்கு? அதே சாமுவேலின் மகன்கள் என்ன ஆனார்கள் என்று எட்டாம் அதிகாரத்தில் பாருங்கள், பரிதானம், அதாவது லஞ்சம், வாங்கினார்கள்.

மணப்பாட்டுக்காரன்:
நான் கத்தோலிக்கன், எங்கள் பக்கம் இதை நேர்ச்சை என்போம். பிள்ளையைச் சாமியாருக்கு விடுகிறேன் என்று வேளாங்கண்ணியில் நேர்ந்துகொண்ட குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. ஆனால் 1983-ல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1026-ம் சட்டம், யாரையும் எந்த வழியிலும் எந்தக் காரணத்துக்காகவும் குருத்துவத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. அதே நேரம் 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், விசுவாசமுள்ள குடும்பம் முதல் குருமடம் (குருக்களுக்குப் பயிற்சி தரும் இடம்) போல என்றும் சொன்னது. நான் இரண்டையும் சேர்த்துத்தான் படிக்கிறேன். மண்ணைப் பண்படுத்துவது பெற்றவர் வேலை. இன்ன மரம்தான் முளைக்க வேண்டும் என்று மண்ணிடம் சத்தியம் வாங்க முடியாது.

அம்பறாத்தூணி:
எல்லாரும் பிள்ளையின் உரிமை, பிள்ளையின் விருப்பம் என்றே பேசுகிறீர்கள். எங்கள் சபையில் ஓய்வுநாள் பாடசாலை முன்பு நாலு வகுப்பாக நடந்தது, இப்போது எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்து ஒரே பாய் விரித்து உட்கார வைக்கிறோம். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளைதான் என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வே சொல்கிறது. கேரளாவில் பாலா மறைமாவட்டம் 2021-ல் என்ன செய்தது? 2000-க்குப் பிறகு கல்யாணமாகி ஐந்தும் அதற்கு மேலும் பிள்ளை பெற்ற குடும்பங்களுக்கு மாதம் 1500 ரூபாய் தருவதாக அறிவித்தது. "பலுகிப் பெருகி" என்பது முதல் கட்டளை. பிள்ளை என்பது நம் சொந்த ஆசைக்கு மட்டும் இல்லை, சபைக்கும் சேர்த்துத்தான். பெறவும் வேண்டும், தேவனுக்குக் கொடுக்கவும் வேண்டும்.

பட்டமரமல்ல:
அம்பறாத்தூணி தம்பி, எனக்கு 51 வயது. பிள்ளை இல்லை. உங்கள் கணக்கில் நான் எந்தப் பாயில் உட்காருவது?

கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு, ஜெபித்துத்தான் ஆரம்பித்தார்கள். வளையல் தட்டு வரிசையாக ஒவ்வொருவர் கைக்கும் வந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் என் மடியைத் தாண்டிக் கையை நீட்டி எனக்கு அடுத்து இருந்தவரிடம் கொடுத்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள். பிள்ளைதான் ஒரு பெண்ணுக்கு ஆசீர்வாதம் என்று பிரசங்கத்தில் சொல்லிச் சொல்லித்தான் அந்தக் கை என் மடியைத் தாண்டியது. ஏசாயா 56-ல் "நான் பட்டமரம்" என்று சொல்லாதே என்று கர்த்தர் சொல்கிறார், பிள்ளை பெற முடியாதவருக்கு, குமாரரும் குமாரத்திகளும் இருப்பதைவிட உத்தமமான இடத்தைத் தம் ஆலயத்தில் தருவதாகச் சொல்கிறார். என் 51 வயதுக்குள் அந்த அதிகாரத்தில் ஒரு பிரசங்கம் நான் கேட்டதில்லை.

களக்காட்டுப் பக்கம் டோனாவூருக்குப் போய்ப் பாருங்கள். அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர், கல்யாணம் பண்ணவில்லை, ஒரு தடவைகூட ஊருக்குத் திரும்பவில்லை, 1951-ல் அங்கேயே இறந்தார். 1901-ல் கோயிலிலிருந்து தப்பி வந்த ஒரு சிறுமியிலிருந்து ஆரம்பித்து எத்தனை நூறு பிள்ளைகள் அவரை அம்மா என்று கூப்பிட்டார்கள். தன் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்றார், பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள். அவர் சபைக்கு எத்தனை பேரைச் "சேர்த்தார்" என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. பசித்த பிள்ளைக்குச் சோறு போட்டார், அது யாருடைய பிள்ளை என்று கேட்கவில்லை.

ஒலிவக்கன்று தங்கச்சி, நீ பிள்ளைக்காக ஜெபி, நானும் ஜெபிக்கிறேன். பேரம் பேசாதே. அன்னாளின் கணவன் எல்க்கானா அவளிடம் "பத்துக் குமாரரைப்பார்க்கிலும் நான் உனக்கு அதிகமல்லவா" என்று கேட்டானே, அந்தக் கேள்வியை உன் வீட்டுக்காரர் உன்னிடம் கேட்டிருக்கிறாரா என்று யோசித்துப் பார். கேட்டிருந்தால் நீ ஏற்கெனவே பாக்கியசாலி.

அம்பறாத்தூணி:
அக்கா, மன்னியுங்கள். உங்களை நினைத்து எழுதவில்லை. ஆனால் சபை சுருங்குகிறது என்ற கவலை எனக்குப் போகவில்லை, அதையும் பொய்யாகச் சொல்ல மாட்டேன்.

பொதிகை மேய்ப்பன்:
சகோதரி எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். ஏசாயா 56-ல் நானும் பிரசங்கித்ததில்லை. வருகிற ஞாயிறு அதைத்தான் எடுக்கப்போகிறேன். ஆனாலும் என் அம்மா செய்ததைப் பேரம் என்று ஒத்துக்கொள்ள முடியவில்லை. அது நன்றி. பேரத்துக்கும் நன்றிக்கும் நடுவில் கோடு எங்கே என்று கேட்டால், அன்னாள் வருஷா வருஷம் ஒரு சின்ன சட்டை தைத்துக்கொண்டு போனாளே, அதைச் சொல்வேன். கொடுத்துவிட்டேன், கணக்கு முடிந்தது என்று அவள் இருந்துவிடவில்லை. போன வருஷத்தைவிட எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று வீட்டில் உட்கார்ந்து அளவு யோசித்திருப்பாள்.

ஒலிவக்கன்று:
நேற்று ராத்திரி அத்தையிடம் நேராகவே கேட்டேன். எதற்கு இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறீர்கள் என்று. ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் வயிற்றில் இருக்கும்போது, அதற்கு முன் இரண்டு கலைந்திருந்ததால், இவரை ஊழியத்துக்கு என்று பொருத்தனை பண்ணியிருக்கிறார்கள். மாமாவிடம்கூடச் சொல்லவில்லை. இவர் வங்கி வேலைக்குப் போனபோது தடுக்கவும் மனசு வரவில்லை. 36 வருஷமாக யாரிடமும் சொல்லாமல், எங்களுக்குப் பிள்ளை இல்லாததே அந்தக் கடனால்தான் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு ஒவ்வொரு மாதமும் நாள் தள்ளிப்போகாதபோது, அவர்களும் தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டு ஒரு ரூபாய் எடுத்து வைத்திருக்கிறார்கள். இத்தனை நாள் அந்தக் கைக்குட்டை என்னைக் குற்றம் சொல்கிறது என்று நினைத்திருந்தேன்.

பொதிகை மேய்ப்பன்:
மகளே, அந்த அம்மாவுக்கு முதலில் யோவான் 9-ஐ வாசித்துக் காட்டு. "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல." பிறவிக் குருடன் ஒருவனைப் பற்றி இதைச் சொன்னது இயேசு. அப்புறம் லேவியராகமம் 27. யாரும் பிரசங்கிக்காத அதிகாரம், ஆனால் உங்கள் வீட்டுக்காகவே எழுதினது போல இருக்கிறது. ஒரு ஆளைக் கர்த்தருக்கென்று பொருத்தனை பண்ணினால் அந்த ஆளையே கொண்டுபோய் விட வேண்டும் என்று அங்கே இல்லை. மீட்புப் பணம் குறித்திருக்கிறது. ஒரு மாதம் முதல் ஐந்து வயதுவரை ஆண்பிள்ளைக்கு 5 சேக்கல், பெண்பிள்ளைக்கு 3. இருபது முதல் அறுபதுவரை ஆணுக்கு 50 வெள்ளிச் சேக்கல், ஒரு சேக்கல் ஏறக்குறைய 11 கிராம். அவ்வளவு கொடுக்க முடியாத ஏழையாக இருந்தால், பொருத்தனை பண்ணினவருடைய திராணிக்குத் தக்கபடி ஆசாரியன் மதிக்க வேண்டும் என்று 8-ம் வசனம். அந்தத் தொகையை இன்று கட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை, கிறிஸ்து எல்லாக் கிரயத்தையும் செலுத்தியாயிற்று. ஆத்திரத்திலும் பயத்திலும் பெற்றவர்கள் வாய்விட்டுச் சொல்லிவிடுவார்கள் என்று கர்த்தருக்கு அன்றைக்கே தெரியும், வெளியே வர அவரே வழி வைத்தார் என்பதற்காகச் சொல்கிறேன். பொருத்தனை பண்ணு என்று உனக்கு முதலில் எழுதியதை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். உன் வீட்டு நிலைமை எனக்குத் தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

சின்ன ஐயர்:
ஐயா, இந்த அதிகாரத்தை அன்றைக்கு ஒருவர் என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கலாமே.

பொதிகை மேய்ப்பன்:
உங்கள் ஊர் எதுவென்று தனியாக எழுதுங்கள் தம்பி. நானே வந்து வாசிக்கிறேன்.

ஒலிவக்கன்று:
நேற்று ராத்திரி ஜெபத்தில் இவரே வாசித்தார். இவருக்கும் அப்போதுதான் விஷயம் தெரியும், குரல் நடுங்கியது. அத்தை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இடையில் நிறுத்தி, "இவனுக்கு எவ்வளவு?" என்றார்கள். ஐம்பது என்றார். "மறுபடி வாசி" என்றார்கள், வாசித்தார். 8-ம் வசனத்தை மட்டும் இன்னொரு தடவை.

இன்று காலை அத்தை கைக்குட்டையை என்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தானே போடப்போகிறார்களாம். "இது இவனுக்கு, உன் பிள்ளைக்கு இல்லை" என்றார்கள். எங்களுக்கு 14-ம் தேதி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஜெபித்துக்கொள்ளுங்கள்.